கடன் வாங்கிய பாடவேளை

உலகத்தில் திருப்பிக் கொடுக்கப்படாத கடன்கள் பல உண்டு. அண்டை வீட்டில் இரவல் வாங்கிய குடை, நண்பரிடம் வாங்கிய புத்தகம், விருந்தாளி வந்த சமயத்தில் வாங்கிய ஒரு கரண்டிக் காப்பிப் பொடி ஆகியவை அந்த ஜாதியைச் சேர்ந்தவை. ஆனால் பள்ளிக்கூடங்களில் நடைபெறும் ஒரு கடனுக்கு முன்னால் இவையெல்லாம் மிகவும் நாணயமான கடன்கள் என்றே சொல்ல வேண்டும். மற்ற உபாத்தியாயர்கள் தேகப் பயிற்சி உபாத்தியாயரிடம் வாங்கும் பாடவேளைக் கடனைத்தான் குறிப்பிடுகிறோம். இதற்குப் பிராமிசரி நோட்டுக் கிடையாது, வட்டி கிடையாது, கெடுவும் கிடையாது. "சார், இன்றைக்கு உங்கள் பீரியடை எடுத்துக் கொள்ளட்டுமா? பாடம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சிரித்துக் கொண்டே தலையை ஆட்டுவார். மைதானத்துக்கு ஓடுவதற்காகக் காலணிக் கயிற்றை இறுக்கிக் கொண்டிருந்த நாற்பது குழந்தைகளின் முகங்கள் ஒரே சமயத்தில் வாடும். நாம் கரும்பலகையில் பானிப்பட்டு யுத்தத்தின் வருஷத்தை எழுதுவோம்.

திருவொற்றியூரில் நாம் சரித்திர உபாத்தியாயராகக் காலம் தள்ளத் தொடங்கி இருபது வருஷங்கள் ஆகின்றன. இந்த இருபது வருஷங்களில் நாம் வாங்கிய இத்தகைய கடனை யாராவது கணக்கு எழுதி வைத்திருந்தால், நாம் இன்று ஊரை விட்டே ஓட வேண்டியிருக்கும். அதைப் பற்றி நமக்கு வெட்கம் உண்டா என்றால், சென்ற வருஷம் வரையில் இருந்ததில்லை. பாடம் பெரிது, பரீட்சை அதனினும் பெரிது, பந்து சிறிது என்பதே நமது சித்தாந்தமாயிருந்தது. அந்தச் சித்தாந்தம் ஆட்டம் கண்ட விதத்தையும், அதற்குக் காரணமாயிருந்த ஒரு கலாசாலையின் கதையையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

* * *

நமது வகுப்பில், ஒன்பதாவதில், ஒரு பெண் படிக்கிறாள். தகப்பனார் இல்லை. தாயார் விடியற்காலையில் காசிமேட்டுக்குச் சென்று ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்பவர். பெண் அப்படியொன்றும் உயரமில்லை. ஆனால் மின்னல் மாதிரி ஓடுவாள். எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப் பந்துக் கோஷ்டியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அந்தத் தாயார் நம்மைத் தேடி வந்தார். காலிக் கூடையைத் தாழ்வாரத்துக்கு வெளியே கவனமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

"சார், இவ பேரை அந்தப் பந்தாட்டத்திலேருந்து எடுத்துடுங்க. வூட்டுக்கு வரதுக்கு ஏழு மணி ஆவுது. கூடையில பந்து போட்டா சோறு வருமா? நானுந்தான் இருவது வருசமா கூடை தூக்கறேன். அதுல மீனு இருந்தாத்தான் சோறு."

பெண் தலை குனிந்து நின்றாள். நாம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மாளே தொடர்ந்தார்:

"உங்களுக்குத் தெரியாததா சார்? ஆட்ற நேரத்துல கூட நீங்க பாடம் நடத்துவீங்களாமே, இவ சொன்னா. நீங்களே சொல்லுங்க, நான் சொல்றது தப்பா?"

நமது உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு மனமார்ந்த பாராட்டை நாம் பெற்றதில்லை. இவ்வளவு சுருக்கென்று தைத்த பாராட்டையும் பெற்றதில்லை. 'தப்பில்லை' என்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க முடியாது. 'தப்பு' என்று சொல்வதற்கோ நமக்கு யோக்கியதை கிடையாது. "ஒரு வாரம் பொறுத்துக் கொள்ளுங்கள், அம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

தேகப் பயிற்சி உபாத்தியாயரிடம் இதைச் சொன்னோம். அவர் வழக்கம்போல் சிரித்தார். "சார், நீங்கள் சரித்திர ஆசிரியர். என் பீரியடுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சனிக்கிழமை நந்தனத்தில், நான் படித்த கலாசாலையில், கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டம் நடக்கிறது. நம் குழந்தைகளை அழைத்துப் போகிறேன். நீங்களும் வாருங்கள். அந்த அம்மாளையும் வரச் சொல்லுங்கள்" என்றார். இருபது வருஷத்துக் கடன்காரனான நாம் மறுப்பது எப்படி? ஒப்புக்கொண்டோம். அன்று கண்டதையும் கேட்டதையும், பிற்பாடு தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

* * *

தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856-ம் வருஷம் புறப்பட்டது எங்கள் பக்கத்து இராயபுரத்திலிருந்துதான். அந்தப் பெருமையைச் சொல்லிக் கொண்டே நாங்கள் நூற்றறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரையில் வந்து சேர்ந்தது. திருவொற்றியூர்த் தேரடியில் ஏறி உட்கார்ந்தால், வண்டி மாறாமலே நந்தனத்தில் இறங்கலாம். முதலில் மாடி வீடுகளின் தலைக்கு மேலே சென்று, பிறகு பூமிக்குள் புகுந்து, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, மண்ணடி ஆகியவற்றைக் கடந்து செல்கிறது அந்த வண்டி. குழந்தைகள் எண்மர், தேகப் பயிற்சி உபாத்தியாயர், மீன்கார அம்மாள், நாம் - இதுதான் எங்கள் கோஷ்டி.

உயர் நீதிமன்ற நிலையம் வந்ததும் உபாத்தியாயர் மேலே கையைக் காட்டி, "சார், கதை இங்கேதான் ஆரம்பம்" என்றார்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே எஸ்பிளனேடில் ஒரு செந்நிறக் கட்டடம் நிற்கிறது. வட சென்னைவாசிகள் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. அதைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. அது ஒய்.எம்.ஸி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கட்டடம். 1890-ல் டேவிட் மக்கானகி என்ற அமெரிக்கர் சென்னையில் இந்தச் சங்கத்தை அமைத்தார். அமெரிக்க தேசத்துத் தபால் இலாகாவின் தலைவராயிருந்த ஜான் வானமேக்கர் என்னும் பிலடெல்பியா வர்த்தகரின் நன்கொடையைக் கொண்டு இந்த மாளிகை எழும்பியது. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம். கப்பலில் வந்திறங்கிய எத்தனையோ சரக்குகளோடு ஒரு விளையாட்டும் இந்தச் சங்கத்தின் மூலமாக நமது தேசத்தில் வந்து இறங்கிற்று.

அந்த விளையாட்டுப் பிறந்த கதை வேடிக்கையானது. 1891-ம் வருஷம் டிஸம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், இதே சங்கம் நடத்தி வந்த பயிற்சிக் கலாசாலையில் பதினெட்டு மாணாக்கர் கொண்ட ஒரு வகுப்பு இருந்தது. வெளியே கடுங்குளிர், மைதானத்தில் இறங்க முடியாது. கூடத்துக்குள்ளே கையைத் தூக்கு, காலை மடக்கு என்ற தேகப் பயிற்சியே தினந்தோறும் செய்து அந்த வாலிபர்கள் வெறுத்துப் போனார்கள். இரண்டு உபாத்தியாயர்கள் அந்த வகுப்போடு மல்லாடிக் கைவிட்டு விட்டார்கள். மூன்றாவதாக, கானடா தேசத்தில் பிறந்தவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற முப்பது வயது உபாத்தியாயரிடம் அந்த வகுப்பு வந்து சேர்ந்தது. கூடத்துக்குள்ளே ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்கத் தலைவர் அவருக்குக் கொடுத்த கெடு பதினாலு நாள்.

கெடு முடிகிற தறுவாயில் நெய்ஸ்மித் பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். இலக்காக வைப்பதற்கு இரண்டு பெட்டிகள் வேண்டுமென்று கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு இருக்கின்றன என்றார் அவர். பெட்டி கிடைத்திருந்தால் இன்று உலகம் முழுவதும் பெட்டிப் பந்து ஆடிக் கொண்டிருக்கும்! கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். பதினெட்டுப் பேரையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடவிட்டார்கள். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து.

நெய்ஸ்மித் பிறகு கன்ஸாஸ் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே 1898-ல் கூடைப் பந்தைத் தொடங்கி வைத்தார். இன்று அமெரிக்காவில் கூடைப் பந்துக்குப் பெயர் போன கல்லூரிகளைச் சொன்னால் முதல் வரிசையில் கன்ஸாஸ் வரும். 1952, 1988, 2008, 2022 ஆகிய வருஷங்களில் தேசிய விருது பெற்ற சர்வகலாசாலை அது. ஆனால் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். அங்கே பயிற்சியாளராயிருந்தவர்களில், ஜயித்த ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்கள் அதிகமாக உள்ளவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் அந்த விளையாட்டையே கண்டுபிடித்த நெய்ஸ்மித்! ஜயம் 55, தோல்வி 60.

அப்படியானால் அவர் தோற்றவரா? அவரிடம் ஆடிய பாரஸ்ட் ஆலன் என்ற மாணாக்கர் பின்னால் அதே கன்ஸாஸில் பயிற்சியாளராகி, 1952-ல் விருதை வாங்கிக் கொடுத்தார். அந்த 1952-ம் வருஷத்துக் கோஷ்டியில் இருந்த டீன் ஸ்மித் என்ற மாணாக்கர் வட கரோலினாவில் முப்பத்தாறு வருஷம் பயிற்சியாளராயிருந்தார். உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜோர்டான் கல்லூரியில் ஆடியது அவரிடம்தான்.

இவர்களையெல்லாம்விட நமது உள்ளத்தைத் தொடுகிற மாணாக்கர் ஒருவர் உண்டு. ஜான் மக்லெண்டன் என்ற கறுப்பு இன வாலிபர் 1933-ல் கன்ஸாஸில் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்து நிறபேத வழக்கப்படி அவர் கல்லூரிக் கோஷ்டியில் ஆடக் கூடாது. வகுப்பில் உட்கார்ந்து விளையாட்டைப் பற்றிப் படிக்கலாம். ஆட்டக் களத்தில் கால் வைக்கக் கூடாது. என்ன நியாயம் பாருங்கள்! வயோதிகரான நெய்ஸ்மித் அவரைத் தம் சீடராக ஏற்றுக்கொண்டு தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் மக்லெண்டன் வட கரோலினாவில் கறுப்பு இனத்தவர்களுக்கான ஒரு கல்லூரியில் பயிற்சியாளரானார். 1944-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரார் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், வெள்ளையர்களின் டியூக் வைத்தியக் கல்லூரிக் கோஷ்டியோடு, கதவைப் பூட்டிக் கொண்டு, இரகசியமாக ஓர் ஆட்டம் ஆடினார்கள். இரு நிறத்தாரும் சேர்ந்து ஆடுவது அந்த ஊரில் அவ்வளவு அபாயமான காரியம். மக்லெண்டனின் மாணாக்கர்கள் 88-க்கு 44 என்று ஜயித்தார்கள். பிறகு டென்னஸியில் மற்றொரு கல்லூரிக்குப் போய், 1957, 1958, 1959 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஒரு தேசிய விருதை அவர் கொண்டுவந்தார். களத்தில் கால் வைக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவர், களத்தையே தம்முடையதாக்கிக் கொண்டார்.

ஆகவே, ஒரு கல்லூரியின் வெற்றியை எண்ணுவதற்குக் கோப்பைகளை மட்டும் பார்த்தால் போதாது. அது உண்டாக்கிய உபாத்தியாயர்களையும் எண்ண வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக் கொண்டு பார்த்தால், நமது சென்னையிலேயே மகத்தான வெற்றி பெற்ற கலாசாலை ஒன்று இருக்கிறது.

* * *

நந்தனத்தில் இறங்கினோம். அண்ணா சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்தில் இவ்வளவு மரமும் மைதானமும் எப்படித் தப்பிப் பிழைத்தன என்று ஆச்சரியமாயிருந்தது. தார்ச் சாலையில் பெட்டி லாரிகளுக்கு ஒதுங்கி நடந்தே பழகிய எங்கள் குழந்தைகள், முதல் ஐந்து நிமிஷம் காரணமில்லாமல் சும்மா ஓடினார்கள். யாரும் தடுக்கவில்லை.

இதுதான் ஒய்.எம்.ஸி.ஏ. தேகப் பயிற்சிக் கலாசாலை. இதை நிறுவியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். நெய்ஸ்மித் பாடம் சொன்ன அதே ஸ்பிரிங்பீல்டு கலாசாலையில் பிற்காலத்தில் பயின்றவர். 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல், விரல் விட்டு எண்ணக்கூடிய மாணாக்கர்களோடு, தேகப் பயிற்சி உபாத்தியாயர்களைத் தயாரிக்கும் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது.

அதற்கு முன் நமது பள்ளிக்கூடங்களில் தேகப் பயிற்சி என்றால் 'டிரில்'. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஹவில்தார்தான் டிரில் மாஸ்டர். பையன்களை வரிசையில் நிறுத்தி, 'அட்டென்ஷன்' என்று ஒரு முழக்கம் போடுவார். பிரம்பு அவருடைய ஆறாவது விரல். குழந்தையின் உடம்பு எப்படி வளர்கிறது, எந்த வயதில் எந்த ஆட்டம் தகும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அது அவர் குற்றமுமில்லை. பக் செய்த பெரிய காரியம், டிரில் மாஸ்டர் நின்ற இடத்தில் ஓர் உபாத்தியாயரைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான். சரித்திரத்தையும் கணிதத்தையும் போல் விளையாட்டும் கற்றுக் கொடுக்கப்பட வேண்டிய ஒன்று. அதைக் கற்றுக் கொடுப்பவர் முதலில் தாம் கற்றிருக்க வேண்டும். இன்று இது சாதாரண விஷயமாகத் தோன்றுகிறது. 1920-ல் இது புதுமை.

அந்த வருஷம் ஒத்துழையாமை இயக்கம் பிறந்த வருஷம் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நியத் துணியைக் கொளுத்திய காலத்தில் அந்நிய விளையாட்டு எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் தேசத்தின் தலைவர்கள் பலமான உடம்பை ஒரு நாளும் அந்நியச் சரக்காகக் கருதியதில்லை. 1897-ல் விவேகானந்த சுவாமிகள் இதே சென்னையில் பேசியபோது, கீதையைப் படிப்பதைவிடக் கால் பந்து ஆடுவதால் வாலிபர்கள் சொர்க்கத்துக்கு அருகில் போவார்கள் என்று சொல்லி, கேட்டவர்களைத் திடுக்கிட வைத்தார். பாரதியார் பாப்பாவுக்குச் செய்த முதல் உபதேசமே விளையாட்டைப் பற்றியதுதான். பக் துரையும் அந்நியராகவே இருந்துவிடவில்லை. அவர் நடத்திய பத்திரிகைக்கு 'வியாயாம்' என்று நமது பெயரையே சூட்டினார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களைப் பயிற்றுவித்து அழைத்துச் சென்றவரும் அவரே. 1943-ல் காலமாகும் வரையில் அவருடைய உழைப்பெல்லாம் இந்தக் கலாசாலைக்கே ஆயிற்று.

இங்கிருந்து பயிற்சி பெற்றுப் புறப்பட்டவர்கள், கழுத்தில் ஊதலும் கையில் பந்துமாக, தேசத்தின் நாலா திசைகளுக்கும், கடல் கடந்தும் சென்றார்கள். அவர்கள் போன ஊர்களிலெல்லாம் இரண்டு கம்பங்கள் முளைத்தன. கம்பத்தின் தலையில் ஒரு வளையம். 1934-ல் கூடைப் பந்துக்குத் தேசியப் போட்டி ஏற்பட்டது. 1950-ல் அகில இந்திய சம்மேளனம் ஏற்பட்டது. கலாசாலைக்கு 2020-ல் நூறு வயது நிறைந்தது. அங்கே கோப்பைகளும் இருக்கின்றன. ஆனால் அதன் உண்மையான கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கூடத்து மைதானத்திலும் வெயிலில் நின்று கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றிடமிருந்துதான் நாம் வாரந்தோறும் பாடவேளையைக் கடன் வாங்கி வந்தோம்!

* * *

ஆட்டம் தொடங்கிற்று. அதை வர்ணிக்க நமக்குச் சக்தி இல்லை. ஐவர் ஐவராக இருபுறமும் ஓடினார்கள். பந்து ஒருவர் கையில் ஒரு விநாடிக்கு மேல் தங்கவில்லை. நமக்குப் புரிந்தது அவ்வளவுதான். அந்தப் பெண்ணோ வேலிக் கம்பியைப் பிடித்துக் கொண்டு, கண் கொட்டாமல் நின்றாள்.

மீன்கார அம்மாள் வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, திடீரென்று, "இன்னா சார், இந்தக் கூடைக்கு அடியே இல்லியே!" என்றார்.

உபாத்தியாயர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவருக்கு விளக்கிச் சொன்னார். ஆதியில் அந்தப் பழக் கூடைகளுக்கு அடி இருந்தது. பந்து விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்து கொள்ளும். ஒருவர் ஏணி வைத்து ஏறி அதை எடுத்துக் கொடுக்கிற வரையில் ஆட்டம் நின்றுவிடும். பின்னால்தான் அடியைத் திறந்துவிட்டார்கள். விழுந்த பந்து உடனே அடுத்தவர் கைக்கு வந்தது. ஆட்டத்துக்கு உயிரும் வந்தது.

"நம்ப கூடைக்கு அடி இல்லாட்டி யாவாரம் போச்சு" என்றார் அந்த அம்மாள். ஆனால் அவர் பார்வை மகளின் மேல் இருந்தது.

சோற்றைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு அப்போது உபாத்தியாயர் பதில் சொன்னார், மிகைப்படுத்தாமல் சொன்னார். நன்றாக ஆடுகிற பெண்ணுக்குச் சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். சில இடங்களில் சம்பளமும் கேட்க மாட்டார்கள். கல்லூரியில் நன்றாக ஆடியவர்களை ரயில்வே போன்ற ஸ்தாபனங்கள் உத்தியோகத்துக்கு எடுத்துக் கொள்வதுண்டு. சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை பத்தொன்பது வயதிலேயே இந்தியப் பெண்கள் கோஷ்டிக்குத் தலைவியானார். தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பெற்றார். குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை இந்தியா வென்றபோது தலைமை தாங்கினார். 2021-ல் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார்.

"ஆனால், அம்மா, ஆடுகிற எல்லோருக்கும் உத்தியோகம் கிடைக்காது. கோஷ்டியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். கிடைக்காமலும் போகலாம்" என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்.

அவர் சொன்னது நியாயம். உலக அரங்கில் நமது தேசத்தின் கூடைப் பந்துக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆடவர் கோஷ்டி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே தடவை. 1980-ல் மாஸ்கோவில், பல தேசங்கள் பகிஷ்கரித்ததால் கிடைத்த இடம் அது. ஓர் ஆட்டத்தில்கூட ஜயிக்கவில்லை. மேலே வர வேண்டுமானால் கீழே ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஆட வேண்டும். ஆடுவதற்கு மைதானம் வேண்டும். மைதானம் இருந்தால், அதில் இறங்க ஒரு மணி நேரம் வேண்டும். எண்ணூரிலிருந்து இராயபுரம் வரையில் எங்கள் பக்கத்தில் தொழிற்சாலைக்கு இடம் கிடைத்தது. எண்ணெய்க் கிடங்குக்கு இடம் கிடைத்தது. பெட்டிகளை அடுக்குவதற்கு ஏக்கர் ஏக்கராக இடம் கிடைத்தது. குழந்தை ஓடுவதற்குத்தான் கிடைப்பதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக் களத்தில் இரண்டு வளையங்களில் ஒன்று கோணல். ஐப்பசி பிறந்தால் முழங்கால் தண்ணீர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கூடைப் பந்தைச் சேர்த்தபோது, இறுதி ஆட்டத்தை வெட்டவெளி மண் தரையில், கொட்டுகிற மழையில்தான் ஆடினார்கள். சேற்றில் பந்து எழும்பாமல் 19-க்கு 8 என்று ஆட்டம் முடிந்தது. அதையும் நெய்ஸ்மித் இருந்து பார்த்தார். இதைச் சொல்லி எங்கள் குழந்தைகளை நாங்கள் சமாதானப்படுத்தலாம். ஆனால் பெர்லினில் அது ஒரு நாள் மழை!

உத்தியோகம் கிடைக்காமல் போனாலும் ஒன்று கிடைக்கிறது என்பதை அன்று அந்த வேலிக் கம்பியருகில் நின்று நாம் தெரிந்து கொண்டோம். சரித்திர வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பெண், பக்கத்தில் நின்ற மாணவிகளுக்கு, "இப்ப இடது பக்கம் கொடுக்கணும், பாரு" என்று ஆட்டத்தின் அடுத்த அடியை முன்கூட்டியே சொல்லிக் கொண்டிருந்தாள். நான்கு தடவை சொன்னாள். மூன்று தடவை அப்படியே நடந்தது. ஒன்பது மாதமாக அவளுக்குப் பாடம் நடத்திய நமக்கு, அவளுக்கு இவ்வளவு புத்தி உண்டென்பது தெரியாது. தெரிந்து கொள்ளக் கூடிய ஒரே மணி நேரத்தைத்தான் நாம் கடன் வாங்கி விட்டோமே!

திரும்பி வரும்போது, தேரடியில் இறங்கியதும், அந்த அம்மாள் நம்மிடம் வந்தார். "ஏழு மணி வேணாம் சார். ஆறு மணிக்கு நானே வந்து கூட்டிக்கினு போறேன். ஒரு வருசம் ஆடட்டும், பாக்கலாம்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இப்போது மாலை ஆறு மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் களத்தின் ஓரத்தில் ஒரு மீன் கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

* * *

இனி நமது கடனைப் பற்றி. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாரத்துக்கு ஒன்று என்று மிகவும் குறைத்து வைத்துக் கொண்டாலும், வருஷத்துக்கு முப்பது பாடவேளை. இருபது வருஷத்துக்கு 600. மறு வாரமே, வியாழக்கிழமைக் கடைசிப் பாடவேளையில், நமது சரித்திர வகுப்பைத் தேகப் பயிற்சி உபாத்தியாயரிடம் ஒப்படைத்தோம். அவர் திகைத்துப் போய், "உடம்பு சரியில்லையா, சார்?" என்று கேட்டார். அன்று முதல் தவணை தவறாமல் செலுத்தி வருகிறோம். பானிப்பட்டு யுத்தம் ஒரு வாரம் தாமதமாகத்தான் நடக்கிறது. அதனால் மொகலாய சாம்ராஜ்யத்துக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். நாம் ஓய்வு பெற இன்னும் பதினாலு வருஷந்தான் இருக்கிறது. வருஷத்துக்கு முப்பதாக அடைத்தாலும் 420 தான் தீரும். பாக்கி 180. இதை அடைப்பதற்கு நேயர்களின் ஒத்தாசையை நாடுகிறோம். உங்களில் உபாத்தியாயர்களாயிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பாடவேளையைத் திருப்பிக் கொடுத்து உதவலாம். பெற்றோராயிருப்பவர்கள், மாலையில் குழந்தை வீட்டுக்கு வந்ததும், "இன்று என்ன பாடம் நடந்தது?" என்று கேட்பதோடு, "இன்று மைதானத்துக்குப் போனாயா?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். இல்லை என்று குழந்தை சொன்னால், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அந்தப் பாடவேளையை யார் கடன் வாங்கினார் என்று விசாரியுங்கள். அநேகமாக அவர் நம்மைப் போன்ற ஒரு சரித்திர உபாத்தியாயராகவே இருப்பார்.